ஒரே வரி, மூன்று மேடை: சேர்ந்திசை, தனிக்குரல், காபரே – எப்படி எழுதுவது?

கறுப்புக்கட்டை:

வணக்கம். ஒரு சிக்கலோடு வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

தோழி ஒருத்தி எழுதிய பன்னிரண்டு வரிக் கவிதைக்குத் தனிக்குரலும் பியானோவுமாக மெட்டமைத்தேன். பாடியவர் நல்ல பயிற்சி உள்ள சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்). பாட்டு நன்றாகவே வந்தது. அதைக் கேட்ட ஒரு சேர்ந்திசைக் குழு, தங்களுக்கு நான்கு குரலில் எழுதித் தரச் சொன்னது. அப்புறம் காபரே மேடையில் பாடும் ஒருவரும் கேட்டார். (காபரே என்றதும் நடனம் என்று நினைக்க வேண்டாம். சின்ன அரங்கு, கேட்பவர் முகம் தெரியும் தூரம், கதை சொல்வதுபோலப் பாடுவது. அந்தப் பாட்டு மேடையைத்தான் சொல்கிறேன்.)

மெட்டு இருக்கிறது, கீயை (சுருதியை) மாற்றி, கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) குரல்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு இடத்திலும் பாட்டு படுத்துவிட்டது.

கவிதையின் கடைசி வரி: ‘நீ அணைக்காமல் போன விளக்கு’. இதில் ‘விளக்கு’ என்னும்போது ‘ள’வில் மெட்டு மேல் ‘ஏ’ (A) சுரத்துக்கு ஏறி மூன்று பார், அதாவது மூன்று தாளச் சுற்று, நிற்கும். பிறகு ‘க்கு’வுக்கு ‘எஃப்’ (F) சுரத்துக்கு இறங்கி இன்னொரு பார். தனிக்குரலில் கேட்டபோது எனக்கே சிலிர்த்தது. குழு பாடியபோது அதே இடம் கூச்சலாக இருந்தது, சொல்லும் புரியவில்லை. மேடைப் பாடகி ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அதுவரைக்கும் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த இடத்தில் கதை போய்விடுகிறது, என் குரல் மட்டும் நிற்கிறது.”

எங்கே தப்பு? மெட்டிலா, பிரித்த விதத்திலா?

ஆல்ட்டோவரிசை:

பல வருடமாகக் குழுவில் ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்) பாடுகிறேன். அங்கே நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் எல்லை. தொழில்முறை அல்லாத குழு என்றால் சோப்ரானோவுக்கு மத்திய ‘சி’யிலிருந்து மேல் ‘ஏ’ வரை, ஆல்ட்டோவுக்குக் கீழ் ‘ஜி’யிலிருந்து மேல் ‘டி’ வரை, டெனருக்கு (உயர்ந்த ஆண்குரல்) மத்திய ‘சி’க்கு ஒரு ஸ்தாயி கீழிருந்து மேலே ‘ஜி’ வரை, பேஸுக்கு (தாழ்ந்த ஆண்குரல்) கீழ் ‘எஃப்’பிலிருந்து மத்திய ‘சி’ வரை. ஆனால் இது கதவின் அளவு மட்டும்தான். ஒருவர் ஒரு சுரத்தைத் தொட முடியும் என்பதும், அங்கேயே குடியிருக்க முடியும் என்பதும் வேறு வேறு. மேல் ‘ஏ’வைத் தொட்டுவிட்டு இறங்கச் சொன்னால் எங்கள் சோப்ரானோக்கள் அழகாகத் தொடுவார்கள். மூன்று பார் நிற்கச் சொன்னால் பத்துப் பேரில் நாலு பேர் நிற்பார்கள், மற்றவர்கள் தொண்டையை இறுக்குவார்கள். நீங்கள் கேட்ட கூச்சல் அதுதான்.

பீத்தோவன் செய்யவில்லையா என்பீர்கள். 1824இல் அரங்கேறிய ஒன்பதாவது சிம்பொனியில் குழுவின் சோப்ரானோக்கள் அதே மேல் ‘ஏ’வை உங்கள் மூன்று பாரைவிட வெகுநேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பயந்துகொண்டே அதைப் பாடுகிற குழுக்கள் உலகம் முழுக்க உண்டு. அங்கே சுற்றிலும் ஆர்க்கெஸ்ட்ரா தாங்குகிறது. உங்களிடம் பியானோ மட்டும் இருக்கிறது.

அடுத்தது மூச்சு. தனிப்பாடகருக்கு மூச்சு ஒரு சொற்றொடரின் நீளம். எங்களுக்கு அப்படி இல்லை, பக்கத்தில் நிற்பவர் எடுக்காத நேரத்தில் நான் எடுத்துக்கொள்வேன். அதனால் குழுவுக்கு முடிவே இல்லாத சுரம் எழுதலாம், நிமிடக்கணக்கில்கூட. தனிக்குரலால் முடியவே முடியாத வேலை இது. உங்கள் பாட்டில் எங்களுக்கு மட்டுமே முடிகிற இதை நீங்கள் எங்கேயும் கேட்கவில்லை. எங்களால் முடியாததை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். கோபமாகச் சொல்லவில்லை.

இன்னொன்று, எங்களுக்குப் பியானோபோல் கட்டை கிடையாது. அடுத்த சுரத்தை எங்காவது இருந்து பிடித்தாக வேண்டும். டெனர் பாடிக்கொண்டிருக்கும் சுரத்தை நாங்கள் அடுத்து எடுக்கிற மாதிரி எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்போம். கார்டைப் பிரித்து மீந்த சுரத்தை ஆல்ட்டோவுக்குப் போட்டால், ஒரே சுரத்தில் பன்னிரண்டு பார் நின்றுவிட்டுத் திடீரென்று ஆறு அரைச்சுரம் தாவ வேண்டியிருக்கும். உங்கள் ஸ்கோரை (இசை எழுதிய தாளை) பார்க்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கறுப்புக்கட்டை:

அப்படியேதான் இருக்கிறது. பதினோரு பார் ‘டி’, அப்புறம் ‘ஜி ஷார்ப்’. மன்னியுங்கள்.

ஒலிப்பொறி:

சொல் புரியாததற்குக் காரணம் பாடியவர்கள் கிடையாது. அது ஒலியின் இயல்பு.

ஒவ்வொரு உயிரொலிக்கும் வாய்க்குள் ஒரு ஒத்ததிர்வு, அதாவது வாய் தானாகப் பெருக்கிக் காட்டும் ஓர் அதிர்வெண், இருக்கிறது. ‘ஈ’, ‘ஊ’ போன்றவற்றுக்கு முதல் ஒத்ததிர்வு சுமார் 300 ஹெர்ட்ஸ், ‘ஓ’வுக்கு 500க்குப் பக்கம், ‘ஆ’வுக்கு 800க்குப் பக்கம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். பாடும் சுரம் அந்த எண்ணைத் தாண்டிவிட்டால் அந்த உயிரொலியைக் காட்ட ஒலியில் எதுவும் மிஞ்சாது. மேல் ‘ஏ’ 880 ஹெர்ட்ஸ். அங்கே ‘ஆ’ மட்டும்தான் தாக்குப்பிடிக்கும், அதுவும் தாடையை நன்றாக இறக்கினால். நீங்கள் ‘க்கு’வை வைத்த ‘எஃப்’ சுமார் 698. ‘உ’வின் இடத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அங்கே நின்றுகொண்டு யார் ‘உ’ பாடினாலும் கேட்பவர் காதில் ‘உ’ விழாது.

தனிக்குரலில் மட்டும் ஏன் நன்றாக இருந்தது? பயிற்சி பெற்ற சோப்ரானோ உயரப் போகப்போக வாயைத் திறந்து, உயிரொலியை நைசாக மாற்றிக்கொண்டு, ஒலி நிறைவாக வரும்படி பார்த்துக்கொள்வார். சொல் அங்கேயும் போயிருக்கும். ஆனால் ஒலி அழகாக இருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை. மேலும் சொல் உங்களுக்கு முன்பே தெரியும். முப்பது பேர் குழுவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவுக்கு மாற்றிக்கொள்வார்கள், அதனால் கலங்கும்.

குழுவில் இன்னொரு விஷயமும் உண்டு. சுற்றிச் சத்தம் கூடினால் மனிதர்கள் தங்களை அறியாமல் குரலை உயர்த்துவார்கள். லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் கவனித்துச் சொன்னது இது. தன் குரல் தனக்குக் கேட்காத பாடகர் அழுத்திப் பாடுவார், பக்கத்தில் நிற்பவர் அதைவிட அழுத்துவார். உயரமான இடத்தில் நான்கு குரலும் ஒரே நேரத்தில் முழுச் சத்தத்தில் இருந்தால் இது நிச்சயம் நடக்கும்.

யாப்புப்பித்தன்:

ஒலிப்பொறி சொன்னதற்கு முன்னால் நிற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தச் சொல்லையே தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ‘விளக்கு’ என்பதில் ‘ள’ குறில். கடைசி ‘கு’ குற்றியலுகரம், அதற்கு அரை மாத்திரைதான். நீங்கள் ஒரு மாத்திரையை மூன்று பாருக்கும் அரை மாத்திரையை ஒரு பாருக்கும் இழுத்திருக்கிறீர்கள். பாடினால் ‘விளாக்கூ’ என்றுதானே வரும்? நல்லவேளை, அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை. ‘மனம்’ என்ற சொல்லை இப்படி இழுத்திருந்தால் ‘மானம்’ ஆகியிருக்கும், ‘கல்’ என்பது ‘கால்’ ஆகியிருக்கும். அழுத்தத்தை வைத்துச் சொல்லைப் பிரிக்கும் மொழிகளுக்கு எழுதுபவர்கள், அழுத்தம் விழும் அசையை வலுவான பீட்டில் வைத்தால் போதும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். நமக்கு அது போதாது. நம் சொல்லின் உயிர் நீளத்தில் இருக்கிறது.

உங்கள் வரியையே பாருங்கள். நீ, கா, போ. மூன்று நெடில் வரிசையாக நிற்கிறது. கவிஞர் இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார், நீங்கள் அதை விட்டுவிட்டு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

தனிக்குரல்:

யாப்புப்பித்தன் சொல்வதோடு பாதி ஒத்துப்போகிறேன். மறுபாதிக்கு அவருடைய இலக்கணத்தையே எடுக்கிறேன். இன்னிசை அளபெடை என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஓசை இனிமைக்காகக் குறிலையே நெடிலாக்கி அளபெடுப்பது. ‘கெடுப்பதூஉம்’ என்று குறளே செய்கிறது. இழுத்தாலும் சொல் இன்னதென்று காது அறிந்துகொள்ளும் இடத்தில் இழுக்கலாம். வேறு சொல்லாக மாறும் இடத்தில் கூடாது. இதுதான் என் அளவுகோல்.

தனிக்குரலுக்கு எழுதுபவர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சொல்லை முதலில் நடு ஸ்தாயியில் தெளிவாகச் சொல்லவைத்துவிட்டு, அதே சொல்லைத் திரும்ப உயரத்தில் பாடவைப்பார்கள். இரண்டாவது முறை சொல் புரிய வேண்டிய தேவையே இல்லை, காது ஏற்கனவே வாங்கிக்கொண்டுவிட்டது. கடைசி வரியை ஒருமுறை கீழே சொல்லிவிட்டு மேலே போகிறீர்களா, நேராக மேலே போகிறீர்களா?

பியானோவைப் பற்றியும் யாரும் பேசவில்லை. தனிக்குரல் பாட்டில் பியானோ துணைக்கு நிற்பது மட்டும் செய்தால் பாட்டு பாதிதான். 1815இல் ஷூபர்ட் எழுதிய ‘எர்ல்கோனிக்’ பாட்டில் கதைசொல்லி, அப்பா, பிள்ளை, பேய் அரசன் என்று நாலு பேரை ஒரே குரல் பாடுகிறது. அப்பாவுக்குக் கீழே, பிள்ளைக்கு மேலே, பேய்க்கு மட்டும் இனிமையான மேஜர் சுரவரிசை. குதிரை ஓடுவதைப் பாடகர் பாட வேண்டியதில்லை, பியானோவின் வலது கை அதைப் பார்த்துக்கொள்கிறது. உங்கள் விளக்கு எங்கே எரிகிறது? குரலிலா, பியானோவிலா? பியானோவில் எரிந்தால் குரல் அவ்வளவு உயரத்துக்குப் போய்க் கத்த வேண்டியிருக்காது.

மேடையோரம்:

காபரே பாடகர்களுக்குப் பியானோ வாசிக்கிறேன். நாலு பேர் பேசியும் அந்த வரியின் உள்ளே இருப்பதை யாரும் எடுக்கவில்லையே என்று எழுதுகிறேன்.

‘அணைக்காமல்’. விளக்கை அணைக்காமல் போனான். அவளையும் அணைக்காமல் போனான். இந்தக் கவிதை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நீங்கள் அதைக் கால் பீட், கால் பீட்டாக ஓடவிட்டு ‘விளக்கு’க்குப் போய்த் தங்கியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மேடைப் பாடகி உங்களிடம் சொன்னது அதைத்தான். அவருக்குக் கதை ‘அணைக்காமல்’ என்ற இடத்தில் முடிந்துவிடுகிறது. அங்கே ஒரு கணம் நின்று, முன்வரிசையைப் பார்த்து, மூச்சு விட்டால் அரங்கில் இருக்கிற எல்லாருக்கும் இரண்டாவது பொருள் தானாகப் புரியும். அப்புறம் ‘போன விளக்கு’ என்பதைப் பாடவே வேண்டாம், பேசினால் போதும்.

காபரேயின் இயல்பே இதுதான். 1881இல் பாரிஸின் மோன்மார்த்ரில் ‘ல ஷா நுவார்’ என்ற கறுப்புப் பூனை அரங்கு திறந்தபோது அங்கே கவிஞர்களும் பாடகர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். பிறகு இசையமைப்பாளர் எரிக் சத்தி அங்கே பியானோ வாசித்தார். 1901இல் பெர்லினில் ‘ஊபர்பிரெட்டில்’ என்ற காபரே வந்தது, அப்போது இளைஞராக இருந்த இசையமைப்பாளர் ஷோன்பெர்க் அங்கே வேலை பார்த்தார், காபரேப் பாட்டுகளும் எழுதினார். எல்லா இடத்திலும் சொல்தான் முதலாளி. 1930களின் கடைசியில் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் காபரேப் பாட்டுகள் எழுதியபோது ஹெட்லி ஆண்டர்சன் என்ற ஒரு பாடகிக்காக எழுதினார். பொதுவாக ஒரு சோப்ரானோவுக்கு என்று எழுதவில்லை.

அதனால் என் யோசனை: எழுத உட்காரும் முன் அந்தப் பாடகியைக் கவிதையை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பெண்களின் பேச்சுக்குரல் சுமார் 200 ஹெர்ட்ஸ், அதாவது மத்திய ‘சி’க்குக் கீழே உள்ள ‘ஜி’யை ஒட்டி இருக்கும். மெட்டு அங்கிருந்து கிளம்பி, மேல் ‘சி’க்குள் முடியட்டும். அவர் எங்கே தானாக நிறுத்துகிறார், எங்கே வேகம் பிடிக்கிறார் என்பதைக் கேட்டு அதையே தாளமாக்குங்கள்.

ஆல்ட்டோவரிசை:

மேடையோரம் சொன்னது பிரமாதம். ‘அணைக்காமல்’ பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஆனால் கறுப்புக்கட்டை அவர்களே, இதைக் கேட்டுவிட்டுக் குழு ஸ்கோரிலும் ‘இங்கே நின்று பார்க்கவும்’ என்று எழுதிவிடாதீர்கள். ஒருத்தர் நிற்கிற நேரம் வேறு, முப்பது பேர் நிற்கிற நேரம் வேறு. எங்களுக்கு நிறுத்தமும் எண்ணித் தரப்பட வேண்டும், இரண்டு பீட் என்றால் இரண்டு பீட். மெய்யெழுத்து எந்தப் பீட்டில் விழ வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ‘க்கு’ என்ற இடத்தில் முப்பது ‘க்’ முப்பது நேரத்தில் வந்து, ஆலங்கட்டி மழைபோல் கேட்கும்.

குழுவால் இரட்டைப் பொருளைக் காட்டவே முடியாது என்றும் சொல்லமாட்டேன். பெண்கள் ஒரு நிறத்தில், ஆண்கள் ஒரு நிறத்தில் அதே சொல்லைப் பாடலாம். ஆனால் கண் ஜாடை எங்களிடம் கிடையாது.

யாப்புப்பித்தன்:

அளபெடையைச் சொல்லித் தனிக்குரல் என்னை மடக்கிவிட்டார், ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் குற்றியலுகரத்தை விடமாட்டேன். அதை இழுத்தால் முற்றியலுகரம் ஆகிவிடும், சொல்லின் வாலே மாறிவிடும். பேச்சில் நாம் ‘விளக்கு’ என்று முடிக்கும்போது உதடு குவிவதே இல்லை, சொல்லிப் பாருங்கள்.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். நம் சொற்களில் ஏராளமானவை ம், ன், ல், ர், ள் என்று முடிகின்றன. ‘அணைக்காமல்’ என்பதும் அப்படித்தான். இவை எல்லாம் வாயை மூடிக்கொண்டோ நாக்கை நிறுத்திக்கொண்டோ நீட்டக்கூடிய மெய்கள். குழு ‘ல்’லில் முணுமுணுத்தபடி நிற்கலாம். சொல்லைக் கெடுக்காமலே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்டலாம்.

கறுப்புக்கட்டை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு தூங்கவில்லை, நல்ல விதத்தில்தான்.

மேடையோரம் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. பேசச் சொன்னால் ஸ்கோரில் அதை எப்படி எழுதுவது? சுரம் இல்லாமல் சொல்லை மட்டும் போட்டால் அவர் எந்த வேகத்தில் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்த இடத்தில் பியானோவில் ஒரு கார்டு சரியான நேரத்தில் விழ வேண்டும்.

மேடையோரம்:

ஷோன்பெர்க் 1912இல் ‘பியரோ லுனேர்’ என்ற படைப்பை, பேச்சும் பாட்டும் கலந்த குரலுக்கு, எழுதியபோது நோட்டுகளின் காம்பில் சின்னச் சிலுவைக் குறி போட்டார். தாளம் அச்சாக எழுதியபடி இருக்க வேண்டும், சுரத்தைத் தொட்டவுடனே விட்டுவிட வேண்டும் என்பது அதன் பொருள். எழுதச் சொல்லிக் கேட்டவர் ஆல்பர்டினே ட்ஸேமே என்ற நடிகை. அது அருமையான வழி. ஆனால் உங்கள் பாட்டுக்கு அது அதிகம், பாடகியின் கையைக் கட்டிப்போட்டுவிடும் என்று நினைக்கிறேன்.

நான் செய்வது எளிது. சொற்களைச் சுரமில்லாமல் கோட்டின் மேலே எழுதிவிடுவேன். கீழே பியானோவுக்கு இரண்டு பார் மட்டும், திரும்பத் திரும்ப வாசிக்கும்படி. பாடகி குறிப்பிட்ட சொல்லுக்கு வந்ததும் நான் வெளியே வருவேன். அந்தச் சொல்லுக்கு அடியில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டால் போதும். சுற்றும் அந்த இரண்டு பார் மெலிதாக, அவருடைய பேச்சுக்குரலுக்கு மேலேயோ நன்றாகக் கீழேயோ இருக்கட்டும். அதே உயரத்தில் வாசித்தால் மைக் இருந்தாலும் சொல் மூழ்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

சிரிப்பு வரும் வரிகள் இருந்தால் அதற்கடுத்த வரிக்கு முன்னாலும் இப்படி ஒரு சுழற்சி வையுங்கள். சிரிப்பு ஓயும் முன் அடுத்த வரி தொடங்கினால் இரண்டும் வீணாகும். சிரிப்பு வராவிட்டால் ஒரே சுற்றில் நகர்ந்துவிடலாம்.

தனிக்குரல்:

மைக் பற்றி ஒரு வார்த்தை. மைக் இல்லாமல் பாடும் தனிப்பாடகர், முக்கியமாக ஆண்குரல்கள், ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்பது 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குரலில் திரளும் ஒரு ஒளியால்தான். குழுவில் பாடும்போது அதே பாடகர் அந்த ஒளியைக் குறைத்துக்கொள்வார், பக்கத்தவரோடு கலக்க வேண்டுமே. மைக் வைத்த மேடையில் அது தேவையே இல்லை, முணுமுணுப்புகூடக் கடைசி வரிசைக்குப் போகும். ஆகவே மூன்று இடத்திலும் ஒரே மனிதர் பாடினாலும் மூன்று வாத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்லாங்குழலுக்கு எழுதியதைத் தவிலுக்குக் கொடுக்கமாட்டோம் அல்லவா?

கறுப்புக்கட்டை: (இரண்டு வாரம் கழித்து)

மூன்றையும் திரும்ப எழுதி, மூன்றையும் கேட்டுவிட்டேன். அதனால் வந்திருக்கிறேன்.

தனிக்குரலில் மேல் ‘ஏ’வை விட மனம் வரவில்லை. ஆனால் இடம் மாற்றினேன். கடைசி வரி முதலில் நடு ஸ்தாயியில் ஒருமுறை, கிட்டத்தட்டப் பேச்சாக வருகிறது. இரண்டாவது முறை ‘அணைக்கா...’ என்று ‘கா’வில் ஏறுகிறது. நெடிலும் அதுதான், உயரத்தில் தாங்கும் உயிரொலியும் அதுதான். இரண்டு பார் போதுமானதாக இருந்தது. ‘விளக்கு’ கீழே, சின்னதாக. வலது கையில் ஒரே ‘ஈ’ சுரம் தொடக்கத்திலிருந்து விட்டு விட்டு ஒலிக்கிறது, குரல் முடிந்த பிறகும் நாலு பார் ஒலிக்கிறது. பாடியவர் பியானோ நிற்கும்வரை அசையாமல் நின்றார்.

காபரேக்கு எழுதியது ஒன்றரைப் பக்கம்தான். கீ ஐந்து சுரம் கீழே வந்துவிட்டது. ‘அணைக்காமல்’ என்றதும் இரண்டு பார் சுழற்சி. ஒத்திகையில் அவர் அங்கே ஆறு சுற்று எடுத்துக்கொண்டார். நான் பதறிப்போனேன், அவர் பதறவில்லை. அந்த ஆறு சுற்றுக்குள் ஒத்திகை பார்க்க வந்திருந்த நாலைந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குழுவுக்கு எழுதியதுதான் அதிக நேரம் பிடித்தது. ஆல்ட்டோவரிசை சொன்னபடி முடிவில்லாத சுரத்திலிருந்து தொடங்கினேன். பெண்கள் ‘அணைக்காமல்’ பாடி ‘ல்’லில் நிற்கிறார்கள், மாற்றி மாற்றி மூச்செடுத்துக்கொண்டு. அந்த முணுமுணுப்பின் அடியில் ஆண்கள் ‘போ’ என்று நெடிலில் மெதுவாகத் திறக்கிறார்கள், யாருக்கும் உயரம் இல்லை. பிறகு எல்லாரும் சேர்ந்து ‘ன விளக்’. அந்த ‘க்’கில் முப்பது வாயும் மூடுகின்றன. இரண்டு பீட் ஒன்றுமே இல்லை. அப்புறம் ‘கு’, பேஸ் மட்டும், அரை மாத்திரை.

நடத்துநர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லின் நடுவில் யாராவது இரண்டு பீட் மௌனம் வைப்பார்களா என்றார். பாடிப் பார்த்த பிறகு மூன்று பீட்டாக்கிவிட்டார்.

ஸ்கோரின் படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

யாப்புப்பித்தன்:

வல்லின மெய் இரட்டிக்கும் இடத்தில் மௌனம் ஏற்கனவே இருக்கிறது. நாம் பேசும்போது கணநேரம் வாயை அடைத்துக்கொள்வோம். நீங்கள் அதைத் திறந்து காட்டியிருக்கிறீர்கள். மூன்று பீட் கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிறது. இரண்டே இருக்கட்டும்.

ஆல்ட்டோவரிசை:

எனக்கு மூன்று பிடித்திருக்கிறது. ஆல்ட்டோ வரி பாடுவதற்கு ஆசையாக இருக்கிறது, அந்த ‘ஜி ஷார்ப்’பைக்கூட இப்போது டெனரிடமிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறீர்கள், கவனித்தேன்.

ஒன்றே ஒன்று. பதினெட்டாவது பாரில் ‘ணை’க்குப் பிறகு மூச்சுக்குறி விழுந்திருக்கிறது. அங்கே எடுத்தால் சொல் இரண்டாக உடையும். ‘நீ’ என்பதற்கு அடுத்து மாற்றிவிடுங்கள். பேஸ் வரியிலும் அதேபோல் ஒன்று இருக்கிறது, அடுத்த பக்கத்தில்.